குமிழியும் செல்லும்: ஃபெர்மென்டருக்குள் எந்த அளவை நம்பலாம்?

ராத்திரி ஒன்றரை மணிக்கு ஷிஃப்டில் இருந்த தம்பி போன் செய்தார். "சார், செல் சாகுது போல. கெப்பாசிட்டன்ஸ் கால் மணி நேரத்துல பதினஞ்சு பர்சன்ட் இறங்கிடுச்சு. ஃபீடைக் குறைச்சிடவா?" ஃபெர்மென்டர் என்பது காற்று ஊதி, கலக்கி, நுண்ணுயிர் வளர்க்கும் கலன்; ஃபீட் அதற்கு ஊட்டும் உணவு. கெப்பாசிட்டன்ஸ், அதாவது மின்தேக்கும் அளவு, உயிருள்ள செல் எவ்வளவு என்று காட்டும் எண். அன்றைக்கு ஓடியது ஈஸ்ட் பேட்ச், 20ஆவது மணி நேரம், அடர்த்தி உச்சத்தை நோக்கிப் போகிற கட்டம். வேறு எதையாவது மாற்றினீர்களா என்று கேட்டேன். கரைந்த ஆக்சிஜன் இறங்கிக்கொண்டே போனதால் கலக்கியின் வேகத்தையும் காற்றையும் கூட்டியிருக்கிறார். ஃபீடைத் தொடாதீர்கள், சாம்பிள் எடுத்து வையுங்கள் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

நான் போனதும் என் முன்னாலேயே இன்னொரு சாம்பிள் பிடித்தார். டியூபில் 50 மி.லி. கோடு வரை, டீ நிறத்தில், நுரைத்துக்கொண்டு நின்றது. மெல்லத் தட்டிவிட்டு ஐந்து நிமிடம் வைத்தோம். மட்டம் 43க்கு இறங்கியது. அதைச் சென்ட்ரிஃபியூஜில் சுற்றிப் பார்த்தால், அடியில் படிந்த ஈஸ்ட்டின் பங்கு ஒரு மணி நேரத்துக்கு முன்னால் இருந்ததைவிடக் கொஞ்சம் கூடுதல்தான். செல் ஒன்றும் சாகவில்லை. குமிழி கூடியிருந்தது.

டியூபில் இறங்கிய அந்த 7 மி.லி. முழுவதையும் கலனுக்குள் இருந்த காற்று என்று சொல்லிவிட முடியாது. சாம்பிள் வால்வைத் தாண்டியதும் அழுத்தம் குறைவதால், கரைந்திருந்த கரியமில வாயுவும் வெளியே வரும். ஆனாலும் ஒரு விஷயம் தெளிவாகிவிட்டது. காற்று ஊதும் கலனில் செல்லை அளக்கிற எந்தக் கருவியையும் முதலில் கேட்க வேண்டியது, அது குமிழியை என்னவாகப் பார்க்கிறது என்பதுதான். விலை, துல்லியம், பராமரிப்பு எல்லாம் அதற்கு அப்புறம்.

நிழலைப் பார்க்கும் கருவி

எல்லோருக்கும் பழகியது ஓடி (OD) என்று நாம் சொல்லும் கலங்கல் அளவு. 600 நானோமீட்டர் ஒளியை அனுப்பி, எவ்வளவு சிதறிப் போகிறது என்று பார்ப்பது. குலுக்கி வளர்க்கும் ஷேக் ஃபிளாஸ்க்குக்கு இதைவிட மலிவான, வேகமான வழி கிடையாது. 0.4 வரைக்கும் செல்லின் அளவோடு நேர்கோட்டில் வரும். அதற்கு மேல் நீர்த்துத்தான் படிக்க வேண்டும். ஃபெர்மென்டரில் ஓடி 100 வரும் கட்டத்தில் 200, 300 மடங்கு நீர்க்கும்போது பிப்பெட்டில் செய்யும் சின்னப் பிழையும் அத்தனை மடங்காகிறது. கலனுக்குள்ளேயே செருகும் ஒளி ப்ரோபும் உண்டு. அதன் இடுக்கு சில மில்லிமீட்டர்தான். குமிழி வந்து உட்கார்ந்துவிட்டால் அளவு மேலே துள்ளும். ஒளிக்குச் செல்லும் நிழல், குமிழியும் நிழல், செத்த செல்லும் நிழல், சோயா மாவுத் துகளும் நிழல்.

இடத்தை அடைப்பதைப் பார்க்கும் கருவி

அடுத்தது கூல்டர் கவுன்டர். வாலஸ் கூல்டருக்கு 1953இல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்த முறை. உப்பு நீரில் மிதக்கும் செல்லை நுண்துளை வழியே இழுத்தால், துளையைக் கடக்கும் கணத்தில் அது தன் பருமன் அளவுக்கு உப்பு நீரை ஒதுக்கித் தள்ளுகிறது. அந்தக் கணம் மின்தடை துள்ளுகிறது. துள்ளல்களை எண்ணினால் எண்ணிக்கை, துள்ளலின் உயரத்தைப் பார்த்தால் செல்லின் பருமன். இரண்டும் ஒரே ஓட்டத்தில் கிடைப்பது எனக்கு இன்றும் பிடித்த விஷயம். மொட்டுவிட்ட ஈஸ்ட்டை ஒன்று என்றே எண்ணும், பரவாயில்லை. சிக்கல் என்னவென்றால், இந்தக் கருவியின் பார்வையில் செல் என்பது மின்சாரம் கடத்தாத ஒரு உருண்டை. குமிழியும் அதேதான். அதனால் சாம்பிளை நீர்த்து, காற்றைப் போக்கிய பிறகே ஓட்ட முடியும். ஓடுகிற கலனைப் பற்றி உடனுக்குடன் எதுவும் சொல்லாது.

சாதாரண கண்டக்டிவிட்டி (கடத்துத்திறன்) ப்ரோபை வைத்துச் செல்லை அளக்கலாம் என்று சொல்பவர்களும் உண்டு. தாழ்ந்த அதிர்வெண்ணில் செல் சவ்வு மின்சாரத்தை உள்ளே விடாது. அதனால் செல் கூடக் கூடக் கடத்துத்திறன் குறையும். உண்மைதான். ஆனால் 10 சதவீத ஈஸ்ட்டும் 10 சதவீத காற்றும் கடத்துத்திறனை ஏறக்குறைய ஒரே அளவில்தான் இறக்கும். எது எது என்று அந்த ஒற்றை எண்ணைப் பார்த்துப் பிரிக்க வழியில்லை.

சவ்வைப் பார்க்கும் கருவி

குமிழிக்கு இல்லாத, செல்லுக்கு மட்டும் இருக்கிற ஒன்று வேண்டும். அது சவ்வு. உள்ளே உப்புக்கரைசல், வெளியே உப்புக்கரைசல், நடுவில் சில நானோமீட்டர் கொழுப்புப் படலம். அப்படியே ஒரு குட்டி மின்தேக்கி. 1925இல் ஹ்யூகோ ஃப்ரிக்கே இரத்தச் சிவப்பணுக்களை அளந்து, சதுர சென்டிமீட்டருக்கு 0.81 மைக்ரோஃபாரட் என்று கண்டார். அதிலிருந்து சவ்வின் தடிமன் 3.3 நானோமீட்டர் என்றும் கணக்கிட்டார். எலக்ட்ரான் நுண்ணோக்கி இல்லாத காலத்தில், வெறும் மின் அளவீட்டை வைத்து! அந்த அறிவை ஃபெர்மென்டருக்குக் கொண்டுவந்தவர்கள் வேல்ஸின் அபரிஸ்ட்வித்தில் இருந்த டக்ளஸ் கெல் குழுவினர். ரேடியோ அதிர்வெண்ணில் உயிர்ப்பொருளை உடனுக்குடன் மதிப்பிடும் முறையை 1987இல் வெளியிட்டார்கள். பீர் ஆலைகள் இதை ஈஸ்ட் இடும் அளவைக் கட்டுப்படுத்த எடுத்துக்கொண்டன.

கணக்கு இப்படி. ஈஸ்ட் செல்லின் ஆரம் 2.5 மைக்ரோமீட்டர் என்றும், கலனில் 10 சதவீத இடத்தை ஈஸ்ட் அடைத்திருக்கிறது என்றும் வைத்துக்கொள்ளுங்கள். சென்டிமீட்டருக்குச் சுமார் 56 பிகோஃபாரட் கூடுதலாக வரும். வெறும் நீரின் பங்கு 7 பிகோஃபாரட்தான் என்பதால் இது நல்ல பெரிய சிக்னல். அதே 10 சதவீதம் அரை மைக்ரோமீட்டர் ஆரமுள்ள பாக்டீரியா என்றால் 11தான். சிக்னல் செல்லின் ஆரத்தோடும் சேர்ந்து பெருகுவதால் வரும் வித்தியாசம் இது. ஈஸ்ட்டுக்குக் கொடுக்கும் மதிப்பை பாக்டீரியாவுக்கு நான் கொடுக்காததற்கு இதுதான் காரணம்.

சவ்வு கிழிந்த செல்லைக் கருவி கண்டுகொள்ளாது. பெரும்பாலும் அது நன்மையே. ஆனால் பெருகும் திறனை இழந்தும் சவ்வு முழுதாக இருக்கிற செல்லை இது உயிருள்ளதாகவே எண்ணும். பட்டினியில் செல் சுருங்கினாலும் எண்ணிக்கை மாறாமல் சிக்னல் இறங்கும். எண்ணெய்த் துளி, மாவுத் துகள் இவற்றுக்கு இரண்டு பக்கமும் கடத்தும் நீரை வைத்த மெல்லிய சவ்வு இல்லை. அவை மின்தேக்கியாகத் தெரிவதில்லை. இழைஇழையாக வளரும் பூஞ்சையில் ஓடியும் கூல்டரும் கைவிட்டுவிடும், இது கைகொடுக்கும்.

குமிழி? செல் என்று அதை எண்ணாது. ஆனால் தப்பிக்கவும் முடியாது. ப்ரோபின் முன்னால் உள்ள இடத்தில் ஒரு பங்கைக் காற்று பிடித்துக்கொண்டால், அங்கே திரவம் குறைகிறது. மின்புலமும் வளைந்து போகிறது. காற்றின் பங்கு 10 சதவீதம் என்றால், புரூக்மான் 1935இல் தந்த சூத்திரப்படி, மிச்சமுள்ள திரவத்தின் பங்கான 0.9இன் ஒன்றரை அடுக்கு, அதாவது 0.854. சிக்னல் 15 சதவீதம் குறைவாகக் காட்டும். அன்றைக்கு இரவு நடந்தது இதுதான். காற்றின் பங்கு 4இலிருந்து 14 சதவீதத்துக்குப் போனாலே கெப்பாசிட்டன்ஸ் 15 சதவீதம் இறங்கிவிடும்.

இரண்டு அதிர்வெண்ணில் அளந்து கழித்தால் குமிழிப் பிரச்சினை தீர்ந்துவிடும் என்று விற்பனையாளர்கள் சொல்வார்கள். அதில் பாதிதான் உண்மை. கழிப்பதால் நீரின் அடித்தளம் நகர்ந்ததை மட்டுமே சரிசெய்ய முடியும். 10 சதவீத காற்றுக்கு அது சுமார் 1 பிகோஃபாரட். ஆரம்பகட்ட பாக்டீரியா பேட்ச்சில் மொத்த சிக்னலே 1, 2 என்று இருக்கும்போது அது பெரிய விஷயம். 56 வரும் ஈஸ்ட்டில் ஒன்றுமே இல்லை. பெருக்கல் வழியாக வரும் 15 சதவீத இழப்பு, கழித்த பிறகும் அப்படியே நிற்கும். அதைத் திருத்த, காற்றின் பங்கு எவ்வளவு என்று தனியாகத் தெரிந்தாக வேண்டும்.

அப்போ காற்றை எப்படி அளப்பது?

மிக எளிய வழி மட்டம் ஏறுவதைப் பார்ப்பது. இட்லி மாவு பாத்திரத்தில் எவ்வளவு பொங்கியிருக்கிறது என்று வீட்டில் பார்ப்பதும் இதே அளவுதான். ஃபெர்மென்டரில் மேலே நுரை நிற்பதால் மட்டம் எங்கே முடிகிறது, நுரை எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியாது. அடுத்தது, மேலும் கீழும் இரண்டு அழுத்த உணரி வைத்து வித்தியாசத்தைப் பார்ப்பது. காற்றை ஊதியே கலக்கும் 50 மீட்டர் உயர ஏர்லிஃப்ட் கலனுக்கு அருமையான முறை. உணரிகளுக்கு இடையே 30 சென்டிமீட்டர்தான் கிடைக்கும் சின்னக் கலனில், 10 சதவீத காற்று தரும் மாற்றம் 3 மில்லிபார். கலக்கியின் சுழற்சியே அதை விழுங்கிவிடும்.

மின்தடை டோமோகிராஃபி கண்ணுக்கு விருந்து. ஒரு வளையத்தில் 16 மின்முனை, ஒரு சுற்றுக்கு 104 அளவுகள், குறுக்குவெட்டில் காற்று எங்கே திரள்கிறது என்று படமே வரும். கலக்கியைத் தேர்ந்தெடுக்கும் ஆய்வுக்கு இது வேண்டும். தினப்படி பேட்ச்சுக்கு வேண்டாம்.

நான் தினமும் நம்புவது கண்டக்டிவிட்டியை. ஆனால் அப்படியே இல்லை. அம்மோனியா ஊட்டினால், பிஎச் திருத்தக் காரம் விட்டால், செல் அம்மோனியத்தை உறிஞ்சினால், எல்லாவற்றுக்கும் அது நகரும். வெப்பநிலை ஒரு டிகிரி கூடினால் 2 சதவீதம் ஏறும். இவற்றையெல்லாம் ஒரே அடியில் ஒதுக்கும் வழி, காற்றைச் சில விநாடிகள் நிறுத்துவது. அந்தச் சில விநாடியில் உப்பும் மாறாது, வெப்பமும் மாறாது. போவது குமிழி மட்டும்தான். காற்றோடு கடத்துத்திறன் 8.6 மில்லிசீமென்ஸ், நிறுத்தியதும் 10.0 என்றால் விகிதம் 0.86. அதன் மூன்றில் இரண்டு அடுக்கை 1இலிருந்து கழித்தால் 9.6 சதவீதம் காற்று.

எத்தனை விநாடி நிறுத்தலாம் என்பதில் ரொம்பக் கவனம் வேண்டும். அடர்ந்த ஈஸ்ட் லிட்டருக்கு மணிக்கு 100 மில்லிமோல் ஆக்சிஜனைக் குடிக்கும். நீரில் முழுதாகக் கரைந்திருந்தாலும் இருப்பது 0.2 மில்லிமோல்தான். ஏழு விநாடியில் தீர்ந்துவிடும்; கரைந்த ஆக்சிஜனை அதில் 30 சதவீதத்தில் வைத்து ஓட்டிக்கொண்டிருந்தால் இரண்டே விநாடி. அதனால் உச்ச அடர்த்தியில் இதை நான் செய்வதில்லை. கெட்டியான குழம்பில் நுண்குமிழிகள் மேலே வராமல் தொங்கிக்கொண்டும் இருக்கும். அங்கே அளவு உண்மையைவிடக் குறைவாகவே வரும்.

நிறுத்தாமலே பிரிக்க முடியுமா? முடியும், உயர்ந்த அதிர்வெண் உதவுகிறது. ஈஸ்ட்டுக்கு 1 முதல் 3 மெகாஹெர்ட்ஸ் தாண்டியதும் சவ்வு மின்சாரத்தைத் தடுப்பதில்லை. 10, 20க்குப் போனால் செல் ஏறக்குறைய மறைந்துவிடுகிறது. அதன் உள்ளிருக்கும் உப்புக்கரைசல் வெளியே உள்ளதைப் போலவே கடத்துகிறது. காற்று மட்டும் எந்த அதிர்வெண்ணிலும் கடத்தாது. ஆக, உயர்ந்த அதிர்வெண்ணில் கடத்துத்திறன் இறங்கினால் அது காற்று. தாழ்ந்த அதிர்வெண்ணில் அதற்கும் மேலே எவ்வளவு இறங்குகிறதோ அது செல். ஒரே ப்ரோப், இரண்டு விடை. உப்பு மாறுவதால் வரும் பிழை மட்டும் கூடவே வரும். அதையும் தவிர்க்க, கடத்துத்திறனுக்குப் பதில் உயர்ந்த அதிர்வெண்ணின் கெப்பாசிட்டன்ஸைப் பார்க்கலாம் என்பார்கள். மின்காப்பு மாறிலி நீருக்கு 80, காற்றுக்கு 1 என்பதால் தத்துவத்தில் அழகானது, உப்பை அவ்வளவாகச் சட்டை செய்யாதது. ஆனால் சாதாரண உப்பளவுள்ள ஊடகத்தில், 10 மெகாஹெர்ட்ஸில், கெப்பாசிட்டன்ஸ் வழியே ஓடும் மின்னோட்டம் கடத்தல் வழியே ஓடுவதில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை. அதில் 15 சதவீத மாற்றத்தைக் கேபிளின் தொல்லையையும் தாண்டிப் பிடிக்க வேண்டும். உப்பு குறைந்த ஊடகம் என்றால் முயன்று பார்க்கலாம்.

எது யாருக்கு?

பாலூட்டி செல் வளர்ப்பவர்கள் யோசிக்கவே வேண்டாம். செல் பெரிது, ஊதும் காற்று மிகக் குறைவு. கெப்பாசிட்டன்ஸ் அங்கே கிட்டத்தட்டத் திருத்தமே இல்லாமல் ஓடும். பீர் ஆலையில் ஈஸ்ட் இடும் குழாயிலும் அதேதான் என் தேர்வு. ஒரு டிகிரி பிளேட்டோவுக்கு (சர்க்கரைச் செறிவின் அளவு) ஒரு மில்லி லிட்டரில் 10 லட்சம் செல் என்பது வழக்கமான கணக்கு. 12 டிகிரி வோர்ட்டுக்கு, அதாவது இன்னும் புளிக்காத பீர்ச் சாற்றுக்கு, 1.2 கோடி. அந்த ஈஸ்ட் கூழில் கரியமில வாயு பிரிந்து நுரைத்தால் கணக்கு தவறிப்போகும். அதைத் திருத்த மெனக்கெடுவதைவிட, குழாயில் எதிரழுத்தம் வைத்து வாயுவைக் கரைந்தே இருக்கச் செய்வது சுலபம்.

பாக்டீரியா, சின்னக் கலன், கையில் பணம் குறைவு என்றால், பல லட்சம் போட்டு கெப்பாசிட்டன்ஸ் ப்ரோப் வாங்க வேண்டாம். காற்றைப் போக்கிய சாம்பிளில் ஓடியும், கலனில் ஒரு நல்ல நான்கு மின்முனைக் கண்டக்டிவிட்டி ப்ரோபும் போதும். கரையாத மாவோ துகளோ கலந்த ஊடகம் என்றால் ஓடி உதவாது, பணத்தைத் தேடத்தான் வேண்டும். அடர்ந்த ஈஸ்ட், பலமான காற்று என்றால் கெப்பாசிட்டன்ஸ் வாங்குங்கள். ஆனால் அது கூடவே தரும் கடத்துத்திறனைப் படிக்காமல் கெப்பாசிட்டன்ஸை மட்டும் படிக்காதீர்கள். கலக்கியையோ காற்றையோ மாற்றியதும் இரண்டும் ஒரே விகிதத்தில் சேர்ந்து இறங்கினால் அது காற்று. கெப்பாசிட்டன்ஸ் மட்டும் தனியாக இறங்கினால்தான் செல்லைப் பற்றிப் பயப்பட வேண்டும்.

அன்றைக்குப் பதிவேட்டைப் பின்னோக்கிப் புரட்டினோம். கெப்பாசிட்டன்ஸ் இறங்கிய அதே நிமிடத்தில் கடத்துத்திறனும் 14 சதவீதம் இறங்கியிருந்தது; கம்ப்யூட்டரில் இருந்தது, யாரும் பார்க்கவில்லை. தம்பி அதைப் பார்த்துவிட்டு, ஒரு ஸ்கேலை எடுத்து ஷிஃப்ட் நோட்டில் கெப்பாசிட்டன்ஸுக்குப் பக்கத்தில் புதுசாக ஒரு பத்தி கோடு போட்டார். ஃபீட் குறையாமல் பேட்ச் காலை வரை ஓடியது.