இரண்டு வரிசைத் தூணா, நான்கு வரிசைத் தூணா? வட ஜெர்மனியின் மரச்சட்டப் பண்ணை வீடுகள்

வட ஜெர்மனிச் சமவெளியின் பழைய பண்ணை வீட்டில் குடியிருப்பு, தொழுவம், போரடிக்கும் களம், தானியப் பரண் எல்லாமே ஒரே கூரையின் கீழ் இருக்கும். முகப்புச் சுவரின் நடுவே உள்ள பெரிய கதவு வழியாகக் கதிர்க்கட்டு ஏற்றிய வண்டி நேரே உள்ளே வந்துவிடும். உள்ளே களிமண் தளம் போட்ட நீண்ட நடுக்கூடம். அதை 'டீலெ' என்பார்கள். அதன் இருபுறமும் மாடுகளும் குதிரைகளும் கூடத்தைப் பார்த்துத் தலை நீட்டி நிற்கும். கதவுக்கு எதிர்க்கோடியில் அடுப்பும் குடும்பம் புழங்கும் இடமும்.

வெளியிலிருந்து பார்த்தால் இந்த வீடுகள் எல்லாம் ஒரே சாயல்தான். கூரையின் பாரம் எந்தத் தூணில் இறங்குகிறது என்பதில்தான் இரண்டு பெரும் வகைகளும் பிரிகின்றன. வீட்டின் வசதி, செலவு, எங்கே மக்கும், எப்படிப் பழுது பார்க்க வேண்டும் என்பதையெல்லாம் அந்த ஒன்றே முடிவுசெய்கிறது.

முதல் வகையில் நடுக்கூடத்தின் இரு ஓரங்களிலும் ஒவ்வொரு வரிசையாக ஓக் தூண்கள் நிற்கும். ஒவ்வொரு வரிசையின் தலையிலும் வீட்டின் நீளத்துக்கு ஓர் உத்தரம். அதன் மேல் குறுக்காக விட்டங்கள். விட்டத்தின் இரு நுனிகளும் தூணைத் தாண்டிச் சற்று வெளியே நீளும். கூரையின் சரிவைத் தாங்கும் கைமரங்கள் அந்த நுனிகளில்தான் உட்காரும். தொழுவம் இருக்கும் பக்கப் பகுதி, நம் ஊர்த் தாழ்வாரம் போல, இந்தச் சட்டத்தோடு ஒட்டிச் சேர்த்ததுதான். வெளிச்சுவரிலிருந்து மேல்நோக்கிச் சாய்த்த துணைக் கைமரங்கள் அதன் கூரையைத் தாங்கும். வெளிச்சுவர் பிரதான கூரையைச் சுமப்பதே இல்லை.

இரண்டாம் வகையில் வெளிச்சுவர்களிலும் முழு உயரத் தூண்கள் உண்டு. ஆக மொத்தம் நான்கு வரிசை. விட்டங்கள் வீட்டின் முழு அகலத்துக்கும் நீண்டு நான்கு வரிசைகளின் மேலும் படுக்கும், கைமரங்கள் வெளிச்சுவரின் தலையிலிருந்தே எழும்பும். இரண்டுக்கும் நடுவில், ஒரு பக்கத்துக்கு மட்டும் கூடுதல் வரிசை வைத்த மூன்று வரிசை வீடுகளும் உண்டு.

சேமிப்பில் நான்கு வரிசைக்குத்தான் வெற்றி. பரண் வீட்டின் முழு அகலத்துக்கும் கிடைக்கிறது. பக்கச் சுவர் உயர்வதால் ஜன்னல் பெரிதாகிறது, தொழுவத்துக்கு மேலே இன்னொரு அடுக்கும் வசதியாக அமைகிறது. விலை மரத்தில்தான்: நீண்ட, நேரான விட்டங்களும் கூடுதலாக இரண்டு வரிசைத் தூண்களும் வேண்டும். வசதியான விவசாயிகளின் பெருமையும் இதில் சேர்ந்தது. 1934இல் தொடங்கிய க்ளோப்பன்பூர்க் திறந்தவெளி அருங்காட்சியகத்தில் நிற்கும் 1750ஆம் ஆண்டின் வேல்பூர்க் வீட்டு முகப்பைப் பாருங்கள். சுமைக்குத் தேவையானதைவிட எவ்வளவோ அதிகமான ஓக் சட்டங்கள் நெருக்கமாக அடுக்கப்பட்டிருக்கின்றன. அங்கேயே உள்ள க்வாட்மன் பண்ணை வீடு 1805இல் கட்டப்பட்டது, 1945இல் எரிந்தது, பிறகு மீண்டும் எழுப்பப்பட்டது.

ஆனால் பழுதுபார்ப்பவர் கண்ணால் பார்த்தால் இரண்டு வரிசையே மேல். மர வீடு முதலில் மக்குவது வெளியில்தான்: மழைச்சாரல் தெறிக்கும் அடிச்சட்டம் (சுவரின் அடியில் படுத்திருக்கும் மரம்), அதில் செருகியிருக்கும் தூணின் நாக்கு. இரண்டு வரிசை வீட்டில் அந்தச் சுவரை முழுக்கப் பிரித்துவிட்டுச் செங்கல்லில் கட்டினாலும், தாழ்வாரக் கூரைக்கு மட்டும் முட்டு கொடுத்தால் போதும், பிரதான கூரை அசையாது. அதனால்தான் வெளியே பிற்காலச் செங்கல் சுவரும் உள்ளே நூற்றாண்டுகள் பழைய சட்டமுமாகப் பல வீடுகள் இன்றும் நிற்கின்றன. அதன் பலவீனம் வேறிடத்தில். துணைக் கைமரம் சேரும் இடத்தில் கூரை மடங்கிச் சரிவு குறைகிறது. நாணல் கூரைக்குக் குறைந்தது 45 பாகைச் சரிவு வேண்டும். அதற்குக் கீழே போனால் நீர் வடியாமல் தங்கி, அந்த மடிப்பில்தான் முதலில் பாசி பிடித்து நாணல் மக்கும்.

நான்கு வரிசை வீட்டில் வெளித்தூணின் அடி மக்கினால் விட்டமே இறங்கும், கூரை முகடு வளையும். சரிசெய்ய அவசரம் கூடாது. முதலில் பரணைக் காலி செய்ய வேண்டும். தரையில் அகலமான பலகை போட்டு, விட்டத்துக்கு அடியில் திருகு ஜாக்கியோடு முட்டு கொடுத்து, தூணின் பாரம் விடுபடும் அளவுக்குச் சில மில்லிமீட்டர் மட்டும் தூக்க வேண்டும். வளைந்த முகட்டை ஒரே மூச்சில் நேராக்கப் பார்த்தால் மேலே உள்ள மூட்டுகள் பிளக்கும். இருபுறமும் மரச்சட்டங்களுக்கு இடையே அடைத்திருக்கும் செங்கல் அல்லது களிமண் நிரப்பை எடுத்துவிட்டு, நல்ல மரம் வரும்வரை அறுத்து, தூணின் கனத்தைப்போல் இரண்டரை முதல் மூன்று மடங்கு நீளத்துக்கு ஓக் ஒட்டுப் போட்டு, ஓக் மர ஆணி அடிக்க வேண்டும். அடுத்தடுத்த இரண்டு தூண்களை ஒரே நேரத்தில் தொடவே கூடாது. புதிய அடிச்சட்டம் தரைக்கு மேல் 30 செ.மீ. உயரக் கல்வரிசையில் உட்கார்ந்தால் சாரல் எட்டாது.

இரண்டு வகைக்கும் பொதுவான ஓர் எதிரி தொழுவத்தின் உப்பு. சாணமும் மூத்திரமும் நூற்றாண்டுகளாக ஊறிய உப்பு, செங்கல் நிரப்பிலும் தூணின் அடியிலும் தங்கி, மாடுகள் போன பிறகும் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். அதன் மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் மரத்துக்குள் போகும். மிலாறு (மெல்லிய குச்சி) பின்னி வைக்கோல் கலந்த களிமண் பூசிய பழைய நிரப்பு இந்த விஷயத்தில் மரத்தின் நண்பன்: ஈரத்தைத் தான் உறிஞ்சி வெளியே விடும், விரிசல் விட்டால் அதே மண்ணை நனைத்துப் பூசிக்கொள்ளலாம்.

புகையையும் கணக்கில் சேர்க்க வேண்டும். 19ஆம் நூற்றாண்டு வரை இவற்றில் பெரும்பாலானவற்றுக்குப் புகைபோக்கியே கிடையாது. அடுப்புப் புகை பரண் வழியாக ஏறி, தானியத்தை உலர்த்தி, பன்றித்தொடையைப் பதப்படுத்தி, மரத்தையும் நாணலையும் பூச்சியிடமிருந்து காத்தது. புகைபோக்கி வந்த பிறகு அந்தக் காவல் போய்விட்டது. இப்படி ஒரு வீட்டை வாங்குபவர், அது எந்த வகையானாலும், கரி படிந்த விட்டங்களைச் சுரண்டிப் பளபளப்பாக்கும் ஆசையை விட்டுவிட்டு, கைமரங்கள் உட்காரும் நுனிகளைக் கூர்மையான ஆணியால் குத்திப் பார்க்க வேண்டும். ஆணி எளிதாக இறங்கும் இடத்திலிருந்துதான் வேலையைத் தொடங்க வேண்டும்.