திருகோணமலையில் ஸ்கூபா: ‘ஓப்பன் வோட்டர்’ என்று காசு வாங்கி ‘டிஸ்கவர்’ காட்டி அனுப்புகிறார்கள்

சீசன் தொடங்கினால் நிலாவெளி, உப்புவெளிப் பக்கம் கம்பஸ் கழகங்களைக் குறிவைத்தே ஒரு பெக்கேஜ் சுற்ற ஆரம்பித்துவிடும். கூட்டமாக வந்தால் விலை குறைவு, தங்குமிடம் சாப்பாடு சேர்த்தி, இரண்டு நாளில் கையில் சான்றிதழ். அதை நம்பிப் போன ஒரு கழகத்துப் பிள்ளைகளுக்கு என்ன கிடைத்தது என்பதை உள்ளபடி எழுதுகிறோம். இடத்தின் பெயர் போடவில்லை. பெயர்ப்பலகையை மாற்றுவது சுலபம், செய்யும் விதம் மாறாது.

பேசியது ‘பாடி’ (PADI) என்ற சர்வதேசச் சுழியோடிப் பயிற்சி நிறுவனத்தின் ஓப்பன் வோட்டர் பயிற்சி, அதாவது முழுமையான ஆரம்பச் சான்றிதழ். பாடம், 50 கேள்விப் பரீட்சை, 200 மீற்றர் நீச்சல், 10 நிமிட மிதப்பு, ஆழமில்லாத அமைதியான நீரில் ஐந்து கட்டப் பயிற்சி, அதன்பிறகு கடலில் நான்கு டைவ், ஆழம் 18 மீற்றருக்கு மேல் போகாது. நடந்தது வேறு. கரையில் அரை மணி நேர விளக்கம், நெஞ்சளவு நீரில் ஒரேயொரு தரம் மாஸ்க்கில் தண்ணீர் விட்டு ஊதி வெளியேற்றல், உடனே நிலாவெளிக்கு எதிரேயுள்ள புறாமலைத் தீவுக்கு போட். மறுநாள் காலை இன்னொரு டைவ், மத்தியானம் பஸ். பதிவுப் புத்தகத்தில் மட்டும் நான்கு டைவும் ஒரே பேனையால், ஒரே கையெழுத்தில் நிரப்பப்பட்டிருந்தது. கொடுத்த ‘சான்றிதழ்’ கடையில் அச்சடித்த தாள். பயிற்றுநர் இலக்கம் இல்லை.

இது உண்மையில் ‘டிஸ்கவர் ஸ்கூபா’. அது மோசடி அல்ல, கடலுக்கடியைப் பார்க்க விரும்புபவருக்கு நல்ல அனுபவம். ஆனால் அது 12 மீற்றருக்குள், பயிற்றுநரின் கைக்கெட்டும் தூரத்தில் செய்வது. சுழியோடிச் சான்றிதழ் தராது. அதை ஓப்பன் வோட்டர் விலைக்கு விற்பதுதான் களவு. இதற்கு நடுவே ‘ஸ்கூபா டைவர்’ என்று இரண்டு கடல் டைவோடு முடியும் சான்றிதழ் ஒன்றும் உண்டு. பெயர் மயக்கும், அதை வைத்திருப்பவர் 12 மீற்றருக்குள், தொழில்முறைச் சுழியோடி ஒருவரின் மேற்பார்வையில்தான் இறங்கலாம். எது வேண்டுமென்பதை எழுத்தில் வாங்குங்கள்.

சும்மா கணக்குப் போட்டாலே பிடித்துவிடலாம். ஒரு நாளில் மூன்று பயிற்சி டைவுக்கு மேல் செய்யக்கூடாது. ஆக நான்கு டைவுக்குக் கடலில் மட்டும் இரண்டு நாள் வேண்டும், அதற்கு முன் ஆழமில்லாத நீர்ப் பயிற்சிக்குக் குறைந்தது ஒரு நாள். ஒவ்வொரு டைவிலும் பெரும்பகுதி 5 மீற்றருக்குக் கீழே இருக்கவேண்டும். 20 நிமிடமாவது நீடிக்கவேண்டும், அல்லது 1,400 லீற்றர் காற்றாவது முடியவேண்டும். பன்னிரண்டு நிமிடத்தில் மேலே ஏற்றினால் அது கணக்கில் வராது. ஆள் கணக்கும் உண்டு: ஒரு பயிற்றுநருக்குக் கடலில் 8 பேர், தகுதியுள்ள உதவியாளர் ஒருவருக்கு இன்னும் இருவர், எப்படிப் பார்த்தாலும் 12-ஐத் தாண்டாது. போட் ஓட்டும் தம்பி உதவியாளர் ஆகமாட்டார்.

இவர்கள் செய்ததில் மிக மோசமானது மருத்துவப் படிவ விசயம். முதற்பக்கத்தில் 10 கேள்விகள். சிலவற்றுக்கு ‘ஆம்’ என்றால் நேரே வைத்தியரின் கையொப்பம் வேண்டும், மற்றவற்றுக்கு அடுத்த பக்கத்தில் மேலதிக கேள்விகள். முட்டு வருத்தத்துக்கு இன்னும் பம்ப் பாவிக்கும் ஒரு பிள்ளை அதைச் சொன்னபோது வந்த பதில்: “எல்லாத்துக்கும் ‘இல்லை’ எண்டு போடுங்கோ தம்பி, இல்லாட்டி போட்டில ஏத்தேலாது.” மூச்சுக்குழாய் இறுகினால் நுரையீரலின் ஒரு பகுதியில் காற்று சிக்கிக்கொள்ளும். மேலே ஏற ஏற அது விரியும், வெளியே வர வழியில்லாமல் திசுவைக் கிழிக்கும். ‘இல்லை’ என்று கையெழுத்து வாங்குவது பிள்ளையைக் காப்பாற்ற அல்ல, பழியைப் பிள்ளையின் தலையில் கட்டிவிட.

ஆழமில்லாத நீர்ப் பயிற்சியைத் தவிர்ப்பவர்கள் வழக்கமாகச் சொல்வது, “கடலே பெரிய குளம்தானே.” காலையில் நிலாவெளிக் கரை அமைதியாக, தெளிவாக இருந்தால் அங்கேயே அந்தப் பயிற்சியைச் செய்யலாம், தவறில்லை. கேள்வி எங்கே செய்தார்கள் என்பதல்ல, என்ன செய்தார்கள் என்பதே. மாஸ்க்கைக் கழற்றி ஒரு நிமிடம் ரெகுலேற்றரில் (சிலிண்டர் காற்றை வாய்க்குத் தரும் கருவி) மூச்சு விடுதல், வாயிலிருந்து நழுவிய ரெகுலேற்றரைத் தேடி எடுத்தல், காற்று முடிந்தால் கூட்டாளியின் மாற்று ரெகுலேற்றரில் மூச்சு எடுத்தல், அசையாமல் மிதந்து நிற்றல். இவற்றை ஒவ்வொருவரும் தடுமாறாமல் செய்து காட்டவேண்டும். மூக்கில் தண்ணீர் ஏறினால் பழகாதவர் மூச்சை அடக்கிக்கொண்டு மேலே பாய்வார். 10 மீற்றரிலிருந்து மேலே வரும்போது நுரையீரலில் உள்ள காற்று இரட்டிப்பாகும். முழு மூச்சோடு ஓரிரு மீற்றர் ஏறுவதே காயப்படுத்தப் போதும்.

உபகரணத்தைப் போட்டில் ஏற முன் கரையிலேயே பாருங்கள். சிலிண்டரின் தோளில் அழுத்தச் சோதனை செய்த மாதமும் ஆண்டும் குத்தியிருக்கும். ஐந்து வருடத்துக்கு மேலானதைத் தொடவேண்டாம். காற்றழுத்தம் காட்டும் மானியில் முள் 200 பார் அளவில் நிற்கவேண்டும். 150 காட்டினால் அரைகுறையாக நிரப்பியது, அல்லது வேறொருவர் பாவித்த மிச்சம். பிறகு முள்ளைப் பார்த்தபடி ரெகுலேற்றரில் நாலைந்து ஆழ்ந்த மூச்சு எடுங்கள். மூச்சு இழுக்கும்போது முள் கீழே விழுந்து, விட்டதும் எழும்பினால் வால்வு முழுதாகத் திறக்கவில்லை. மேலே மூச்சில் இது தெரியாது, 10 மீற்றரில் ஒவ்வொரு மூச்சுக்கும் இரட்டிப்புக் காற்று தேவைப்படும்போதுதான் இறுகும். இந்தப் பிள்ளைகளின் செட்டுகளில் ஒன்றில் முள் அப்படியே ஆடியது, “பழைய மீற்றர், அப்படித்தான்” என்றார்களாம்.

காற்றில் எண்ணெய் மணமோ புகை மணமோ இருந்தால் இறங்கவேண்டாம். கொம்பிறசரின் காற்றெடுக்கும் குழாய் அதன் எஞ்சின் புகைக்குப் பக்கத்தில் இருந்தால் காபன் மொனொக்சைட் உள்ளே போகும். அதற்கு மணமே இல்லை, ஆகவே மணமில்லாத காற்றும் சுத்தம் என்று ஆகாது. டைவ் முடிந்து பலருக்கும் ஒரே நேரத்தில் தலையிடித்தால் வெயில் என்று விடாமல் கொம்பிறசரைக் காட்டச் சொல்லுங்கள். போட்டில் அவசர முதலுதவிக்கான ஒட்சிசன் சிலிண்டர் இருக்கிறதா என்றும் கேளுங்கள். “இருக்கு” என்பது பதில் இல்லை, திறந்து காட்டவேண்டும்.

நீரில் தாழ்வதற்காகக் கட்டும் ஈயக்கட்டி பற்றியும் ஒரு சொல். மெலிந்த பிள்ளைகளுக்கும் 8 கிலோ கட்டிவிட்டிருக்கிறார்கள். சோதனை செய்ய நேரமில்லாதவர்களின் குறுக்குவழி இது: பாரம் கூடினால் ஆள் மேலே வராது, மேய்ப்பது சுலபம். முறையான சோதனையில் காற்றடைக்கும் மிதப்பு ஜக்கெற்றில் காற்றில்லாமல், சாதாரண மூச்சைப் பிடித்தபடி நிமிர்ந்து மிதக்கும்போது நீர்மட்டம் கண்ணளவில் நிற்கவேண்டும். அலுமினியச் சிலிண்டர் காலியாகும்போது மிதக்கத் தொடங்குவதால், நிறைந்த சிலிண்டரோடு பார்த்தால் சுமார் 2 கிலோ கூட்டலாம். அதற்கு மேல் கட்டினால் ஆள் அடியில் இழுபட்டுத் துடுப்பால் பவளத்தை உடைப்பார். புறாமலை 2003 இலிருந்து தேசிய பூங்கா, பவளத்தில் கால் வைப்பது குற்றம்.

பூங்காவின் நுழைவுச்சீட்டை வனஜீவராசிகள் திணைக்களம்தான் கொடுக்கிறது. உள்ளூராருக்கும் வெளிநாட்டாருக்கும் கட்டணம் வெகுவாக வேறுபடும். ‘பார்க் காசு’ என்று தனியாக வாங்கினால் சீட்டைக் கையில் கேளுங்கள். இவர்களுக்குச் சீட்டு வரவேயில்லை.

இரண்டாம் நாள் டைவ் முடிந்த கையோடு மலைநாட்டுக்குப் பஸ்ஸில் ஏற்றுவதும் சரியில்லை, உடலில் கரைந்த நைதரசன் உயரத்தில் குமிழாகலாம். கண்டி ஏறத்தாழ 500 மீற்றர், அது பரவாயில்லை. நுவரெலியா 1,800-ஐத் தாண்டும். பல டைவ் செய்தவர் விமானத்தைப் போலவே 18 மணி நேரம் பொறுத்துத்தான் அவ்வளவு உயரம் ஏறவேண்டும்.

காசை மொத்தமாக ஒருவரின் தனிப்பட்ட வங்கிக் கணக்கில் போடாதீர்கள், கழகத்தின் பெயரில் பற்றுச்சீட்டு வேண்டும். முற்பணம் கொஞ்சம், ஆழமில்லாத நீர்ப் பயிற்சி முடிந்ததும் ஒரு பகுதி, ஒவ்வொருவருக்கும் சான்றிதழ் மின்னஞ்சல் வந்தபின் மிச்சம். முன்பதிவுக்கு முன்னரே பயிற்றுநர் இலக்கத்தை வாங்கி ‘பாடி’ இணையத்தளத்தில் போட்டால், அவருக்கு இப்போது கற்பிக்கும் அனுமதி உண்டா என்று தெரியும். இலக்கம் கேட்டதும் கோபப்படுபவரோடு பேச்சு வேண்டாம்.

ஏற்கெனவே மாட்டியவர்கள் வங்கிச் சிட்டை, வட்ஸ்அப் உரையாடல், நிரப்பிக் கொடுத்த பதிவுப் புத்தகத்தின் படம் எல்லாவற்றையும் சேர்த்துப் பயிற்சி நிறுவனத்தின் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவுக்கு அனுப்புங்கள். காசுக்கு நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை, தொலைபேசி இலக்கம் 1977. உண்மையில் செய்த பயிற்சிக்கு மட்டும் பயிற்றுநர் கையொப்பமிட்ட பயிற்சிப் பதிவைக் கேளுங்கள். அது இருந்தால் 12 மாதத்துக்குள் வேறொரு பயிற்றுநரிடம் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். தர மறுத்தால் அந்த மறுப்பையும் எழுத்தில் வாங்கி முறைப்பாட்டோடு இணையுங்கள்.