ஈசிஆர் நர்சரி வாழைக்கன்னு: ஸ்டிக்கரை நம்பி காசு குடுக்காதீங்க

மாடித்தோட்டத்துக்கு கன்னு வாங்க ஈசிஆர் பக்கம் ஒரு பெரிய நர்சரிக்கு போயிருந்தேன், பேர் வேணாம். நல்லதை முதல்ல சொல்லிடுறேன், இடம் சுத்தம், மண்கலவை அருமை, செம்பருத்தி ரோஜா எல்லாம் தாராளமா வாங்கலாம், ஞாயித்துக்கிழமை பார்க்கிங் மட்டும் கொடுமை.

சிக்கல் டிஷ்யூ கல்ச்சர் வாழைல தான், அதாவது லேப்ல செடியோட துளி திசுல இருந்து வளர்த்தெடுக்குற கன்னு. ‘வைரஸ் ஃப்ரீ’ன்னு ஸ்டிக்கர் ஒட்டி சாதா கன்னை விட டபுள் ரேட். ரெண்டு பூவன் வாங்கி டிரம்ல வெச்சேன், ஆரம்பத்துல சூப்பரா வந்துச்சு, அப்புறம் விட்ட இலையெல்லாம் குறுகி விறைப்பா நிமிந்து உச்சில கொத்தா அடைச்சுக்கிச்சு, காம்பை திருப்பி பார்த்தா கரும்பச்சைல புள்ளி கோடு புள்ளி கோடுன்னு ஓடுது. வைரஸால வர்ற முடிக்கொத்து நோயே தான். பழனி மலைல விருப்பாச்சி வாழையை நாசம் பண்ணதும் இந்த வைரஸ்தான், மருந்து கிடையாது, கிழங்கோட தோண்டி அழிக்கணும்.

போய் கேட்டா "உங்க மாடில அசுவினி ஏறியிருக்கும் சார், எங்க செடி கிளீன்"ங்கறாங்க. இருக்கலாம், அசுவினிங்கற சாறு உறிஞ்சுற குட்டிப்பூச்சி பரப்புற நோய்தான், தொத்தின பிறகும் வாரக்கணக்குல செடி ஒண்ணும் தெரியாம நிக்கும். அப்போ கண்ணால பார்த்துட்டு கிளீன்னு எப்படி சொல்றீங்க? டிஷ்யூ கல்ச்சர்னாலே வைரஸ் போயிடும்ங்கறதும் கதைதாங்க, தாய்ச்செடில இருந்தா லேப்ல அதையும் சேர்த்து ஆயிரக்கணக்குல காப்பி எடுத்துடுவாங்க, அதனாலதான் தாய்ச்செடிக்கும் கன்னுக்கும் வைரஸ் இருக்கான்னு பார்க்க எலைசா, பிசிஆர்னு லேப் டெஸ்ட் பண்றது. பூவன் மாதிரி ரகத்துல இன்னொரு கூத்து, இலைல கோடு கோடா விழ வைக்கிற ஸ்ட்ரீக் வைரஸ்னு வேற ஒண்ணோட டிஎன்ஏ வாழையோட ஜீன்லயே ஒளிஞ்சு கிடக்கும், டிஷ்யூ கல்ச்சர் ஸ்ட்ரெஸ்லயே முழிச்சுக்கலாம்.

மத்திய அரசு பயோடெக்னாலஜி துறை 2006லயே டிஷ்யூ கல்ச்சர் செடிக்கு சர்டிஃபிகேஷன் கொண்டு வந்தாச்சு, டெஸ்ட் பாஸான பேட்சுக்கு தனி லேபிள் உண்டு. அதை காட்டுங்கன்னா கவுண்டர் பையன் முழிக்கிறான், ஓனர் அதே ஸ்டிக்கரை திரும்ப காட்டுறாரு.

பக்கத்துல மிளகா நாத்து, தட்டை லேசா அசைச்சேன், வெள்ளை ஈ புகை மாதிரி கெளம்புச்சு, இலைச்சுருட்டு வைரஸுக்கு அதுதான் வண்டி. அப்படியே வெச்சுட்டேன்.

பூச்செடிக்கு 4 ஸ்டார், வாழை மிளகாய்க்கு 1. காசு திருப்பி தரல, வேற கன்னு எடுத்துக்கங்கன்னாங்க, அதுவும் அதே பேட்ச்ல இருந்து.