சென்ட்ரலா, எழும்பூரா? சென்னையின் இரண்டு பெரிய ரயில் நிலையங்கள்

கோவைக்குப் போகிறவர் சென்ட்ரலில் ஏறுவார், மதுரைக்குப் போகிறவர் எழும்பூரில் ஏறுவார். சென்னைக்காரர்களுக்கு இது மனப்பாடம். வெளியூரிலிருந்து வருபவர்தான் தடுமாறுவார். சுமார் இரண்டு கிலோமீட்டர் இடைவெளியில் ஒரே ஊருக்கு எதற்கு இரண்டு பெரிய நிலையங்கள்?

அந்தக் காலத்தில் இரண்டும் வேறு வேறு கம்பெனிகளுடையவை. தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோட்டுக்குப் புறப்பட்டது. ராயபுரத்துக்குத் துணையாக 1873இல் வந்தது சென்ட்ரல். ஜார்ஜ் ஹார்டிங் வரைந்த கட்டடத்தில் பின்னர் கட்டடக் கலைஞர் ராபர்ட் சிஷோம் மாற்றங்கள் செய்தார், மணிக்கூண்டு 1900இல் முடிந்தது. இது மெட்ராஸ் ரயில்வேயின் அகலப்பாதை. தெற்கே போன சவுத் இந்தியன் ரயில்வே பெரும்பாலும் மீட்டர்கேஜ், அதாவது ஒரு மீட்டர் அகலமே உள்ள குறுகலான பாதை. அந்தக் கம்பெனிக்காக ஹென்றி இர்வின் வடிவமைத்த எழும்பூர் நிலையம் 1908 ஜூனில் திறக்கப்பட்டது. ஒப்பந்தக்காரர் சாமிநாத பிள்ளை, செலவு 17 லட்சம் ரூபாய்.

1951இல் தெற்கு ரயில்வே உருவாகி எல்லாம் ஒரே நிர்வாகத்தின் கீழ் வந்தாலும் தண்டவாளத்தின் அகலம் மாறவில்லை. தெற்கு மாவட்டங்களுக்கான முக்கியப் பாதை 1990களின் இறுதியில்தான் அகலப்பாதையானது. இன்றைக்கும் தாம்பரம் வழியாக வருகிற தண்டவாளம் எழும்பூருக்கும், அரக்கோணம், கூடூர் பக்கத்துத் தண்டவாளங்கள் சென்ட்ரலுக்கும்தான் வந்து சேர்கின்றன. சேரன், நீலகிரி, ஏற்காடு, பிருந்தாவன், டெல்லி போகும் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் எல்லாம் சென்ட்ரல். பாண்டியன், நெல்லை, மலைக்கோட்டை, வைகை, பொதிகை எல்லாம் எழும்பூர். வந்தே பாரத்தும் அப்படியே பிரிந்துகொண்டது: கோவைக்கும் மைசூருக்கும் சென்ட்ரல், திருநெல்வேலிக்கும் நாகர்கோவிலுக்கும் எழும்பூர்.

பயணிக்கு நிஜமாகவே இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு திருவனந்தபுரத்துக்கு உண்டு. சென்ட்ரலில் மெயில் ஏறினால் சேலம், பாலக்காடு, எர்ணாகுளம் சுற்றி வடக்கிலிருந்து போகும். எழும்பூரில் அனந்தபுரி ஏறினால் திருச்சி, மதுரை, நாகர்கோவில் வழியாகத் தெற்கிலிருந்து போகும். டிக்கெட் எந்தப் பக்கம் கிடைக்கிறதோ அதுதான் பெரும்பாலும் முடிவு. ஒரு பக்கம் வெயிட்டிங் லிஸ்ட் நீண்டால் மறுபக்கத்தையும் பார்க்காமல் விடாதீர்கள்.

நடைமுறை வசதியில் சென்ட்ரலுக்கு ஒரு பெரிய பலம் உண்டு, அதை யாரும் அதிகம் பேசுவதில்லை. அது முட்டு நிலையம், தண்டவாளம் அங்கேயே முடிகிறது. முன் கூடத்தில் நுழைந்தால் படி ஏறாமலே எந்த பிளாட்பாரத்துக்கும் போய்விடலாம். முழங்கால் வலி உள்ள அம்மாவை, சக்கரம் வைத்த பெட்டிகளோடு அழைத்துப் போகிறவருக்கு இதன் அருமை தெரியும். ஆனால் உங்கள் பெட்டி என்ஜின் பக்கக் கோடியில் இருந்தால் கதை வேறு. ஒரு பெட்டி 22 மீட்டருக்குக் குறையாது. 24 பெட்டி ரயில் என்றால் அரை கிலோமீட்டருக்கு மேல் நடை. எழும்பூரில் பெரும்பாலான பிளாட்பாரங்களுக்குப் பாலம் ஏறி இறங்கித்தான் ஆகவேண்டும், ஆனால் இறங்கினால் ரயிலின் நடுவாக்கில் நிற்பீர்கள்.

உள்ளூர் இணைப்பில் என் ஓட்டு எழும்பூருக்கு. வெளியூர் ரயிலிலிருந்து இறங்கி, அதே வளாகத்திலேயே கடற்கரை - தாம்பரம் மின்சார ரயிலைப் பிடிக்கலாம். சென்ட்ரலில் அதற்குச் சாலையின் மறுபக்கம் பார்க் ஸ்டேஷன் போகவேண்டும். ஆவடி, கும்மிடிப்பூண்டி பக்கம் போகிறவருக்கு மட்டும் மூர் மார்க்கெட் வளாகப் புறநகர் ரயில் நிலையம் பக்கத்திலேயே இருக்கிறது. மெட்ரோ என்றால் சென்ட்ரலை மிஞ்ச முடியாது. நீலம், பச்சை இரண்டு தடமும் அங்கே சந்திக்கின்றன, விமான நிலையத்துக்கு நேராகப் போகலாம். எழும்பூரில் பச்சைத் தடம் மட்டும்.

கட்டட அழகைப் பொறுத்தவரை, சென்ட்ரலின் நான்கு முக மணிக்கூண்டு நகரத்தின் அடையாளம் என்பதில் சந்தேகமில்லை. ஆனாலும் நின்று பார்க்கச் சொன்னால் எழும்பூரின் குவிமாடத்தைத்தான் காட்டுவேன். அங்கே 734.91 கோடி ரூபாய் மதிப்பிலான மறுசீரமைப்புக்கு 2022 மே மாதம் அடிக்கல் நாட்டப்பட்டது. புதிய மாடிக் கட்டடங்கள் எத்தனை வந்தாலும் வரட்டும், இர்வினின் முகப்பை அவை மறைத்துவிடக் கூடாது.

முன்பதிவு செய்யும்போது நிலையக் குறியீட்டைக் கவனியுங்கள்: சென்ட்ரல் எம்ஏஎஸ், எழும்பூர் எம்எஸ். 2019 முதல் சென்ட்ரலின் முழுப் பெயர் புரட்சித் தலைவர் டாக்டர் எம்.ஜி.ராமச்சந்திரன் மத்திய ரயில் நிலையம் என்பதால், செயலியில் 'சென்ட்ரல்' என்று தேடுவதைவிடக் குறியீட்டைத் தட்டுவது சுலபம். எழும்பூர் ரயில்கள் சில தாம்பரத்துக்கு மாற்றப்படுவதும் உண்டு. கிளம்பும் நாளில் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.

வடக்கிலிருந்து சென்ட்ரலில் இறங்கி எழும்பூரில் தெற்கு ரயில் பிடிப்பவர்கள் மெட்ரோவில் ஏறினால் அடுத்த நிறுத்தமே எழும்பூர். நள்ளிரவில் மெட்ரோ கிடையாது, அப்போது ஆட்டோதான். தொலைதூர ரயில் தாமதமாக வந்து சேருவது வழக்கம் என்பதால், இரண்டு ரயில்களுக்கும் நடுவே குறைந்தது மூன்று மணி நேரமாவது விட்டு டிக்கெட் போடுங்கள்.