ஃபார்ச்சூனருக்கு ஒரு பேட்டரி போதும்: சாட்ஸ்வர்த் பட்டறையில் செய்த வேலை

என்னுடையது 2012 ஃபார்ச்சூனர், மூன்று லிட்டர் டீசல், ஃபோர் வீல் டிரைவ். இங்கே தென்னாப்பிரிக்காவில், டர்பனுக்குத் தெற்கே ப்ராஸ்பெக்டன் டொயோட்டா ஆலையில் செய்த வண்டி. கம்பெனி கொடுத்தது ஒரே பேட்டரிதான். எனக்கு விற்றவருக்குக் கேம்பிங் பைத்தியம். ஃப்ரிட்ஜுக்காக பானெட்டுக்குள் இன்னொரு 105 ஆம்பியர்-அவர் பேட்டரியைத் திணித்து, இரண்டுக்கும் நடுவில் ஒரு ரிலே (இரண்டையும் தானாகச் சேர்த்துப் பிரிக்கும் சுவிட்ச்) போட்டு வைத்திருந்தார். அதையெல்லாம் கழற்றிவிட்டு மறுபடி ஒற்றை பேட்டரிக்கு மாறிவிட்டேன். வேலை செய்தவர் டர்பன் சாட்ஸ்வர்த்தில் வீட்டோடு பட்டறை வைத்திருக்கும் ஆட்டோ எலக்ட்ரீஷியன். "விளம்பரமெல்லாம் வேண்டாம் தம்பி" என்று சொல்லிவிட்டதால் பெயர் போடவில்லை.

கழற்றக் காரணம் அந்த ரிலே. எஞ்சின் ஓடி வோல்டேஜ் 13.3 அளவைத் தாண்டினால் அது இரண்டு பேட்டரியையும் சேர்க்கும். எஞ்சின் நின்று 12.8-க்குக் கீழே இறங்கினால் பிரித்துவிடும். ஃப்ரிட்ஜ் இரண்டாவதை மட்டும் தின்னும், ஸ்டார்ட் செய்கிற பேட்டரி பத்திரமாக இருக்கும். ஏற்பாடு நல்லதுதான். ஆனால் என் வண்டியில் ரிலேயின் கான்டாக்ட் சூட்டில் ஒட்டிக்கொண்டது. மலையடிவாரத்து அண்டர்பெர்க் பக்கம் கூடாரம் போட்டிருந்த இரவு, ஃப்ரிட்ஜ் இரண்டையும் சேர்த்தே காலி செய்துவிட்டது. காலையில் சாவியைத் திருப்பினால் டக் டக் சத்தம் மட்டும். மீட்டர் 11.4 காட்டியது. பக்கத்துக் கூடாரத்து ஹைலக்ஸ்காரர் ஜம்பர் கேபிள் வைத்திருந்தார், ஊர் வந்து சேர்ந்தோம்.

பட்டறை அங்கிளுக்கு எழுபது வயது இருக்கும். பாதி இங்கிலீஷ், பாதி தமிழ். ரிலேயை மட்டும் மாற்றித் தருவார் என்று நினைத்துத்தான் போனேன். இரண்டாவது பேட்டரியைச் சோதித்துப் பார்த்து, அதுவும் முடிந்துவிட்டது என்றார். பானெட் சூட்டில் வைத்தால் எந்த லெட்-ஆசிட் பேட்டரிக்கும் ஆயுள் குறையும்தானே. "வருஷத்துல எத்தனை நாள் கூடாரத்துல தூங்குறீங்க?" என்று கேட்டார். நான் யோசித்ததைப் பார்த்து, "அப்ப இவ்ளோ வெயிட்டை ஏன் தூக்கிட்டு அலையணும்?" என்றார். பேட்டரி மட்டுமே இருபத்தைந்து கிலோ பக்கம் வரும். பொருளை விற்கப் பார்க்காமல் எடுத்துப் போடச் சொல்கிற மெக்கானிக்கை இந்த ஊரில் நான் அதிகம் பார்த்ததில்லை.

இந்த வேலையில் பலர் கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு. இரண்டாவது பேட்டரியைத் தூக்கிவிட்டு வயரை அப்படியே டேப் சுற்றி விட்டுவிடுவார்கள். அந்தத் தடித்த கேபிளின் மறுமுனை இன்னும் முதல் பேட்டரியின் பாசிட்டிவில்தான் இருக்கும். டேப் தேய்ந்து பாடியில் பட்டால் தீப்பிடிக்கும். அங்கிள் முதலில் இரண்டு நெகட்டிவையும் கழற்றினார். அப்புறம் ஒவ்வொரு கேபிளையும் நுனிவரை தொடர்ந்து போய், கார்பெட்டைத் தூக்கி, முழுசாக உருவி எடுத்தார். பின்பக்கம் ஒரு விளக்குக்குப் போன கிளை வயரில் ஃபியூஸே இல்லை.

அப்புறம் புதிதாக ஒரே ஒரு லைன். முதல் பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ், 6 சதுர மில்லிமீட்டர் வயர், டிக்கியில் ஒரு சாக்கெட். இக்னிஷனை அணைத்தால் சாக்கெட்டும் செத்துவிடும். ஸ்டார்ட் பேட்டரியை லோட் டெஸ்ட் செய்ததில் அதுவும் சோர்ந்திருந்தது தெரிந்தது. புதிதாக 652 (இங்கே கடைகளில் பேட்டரி அளவைக் குறிக்கும் எண்) போட்டோம்.

கூலி 1,800 ராண்ட், பேட்டரி தனி. கொடுத்த காசுக்குத் தகும். குறை என்றால், காலையில் விட்ட வண்டி இருட்டின பிறகுதான் கிடைத்தது. பில் கேட்டால் ஒரு அட்டைத் துண்டில் எழுதிக் கொடுத்தார். கம்பெனிக் கணக்கில் காட்ட வேண்டியவர்களுக்கு இது ஒத்துவராது.

சரி, ஃப்ரிட்ஜுக்கு என்ன வழி? 2023-இல் மின்வெட்டு உச்சத்தில் இருந்தபோது வீட்டுக்கு ஒரு போர்ட்டபிள் பவர் ஸ்டேஷன் (கையில் தூக்கிச் செல்லும் பெரிய பேட்டரிப் பெட்டி) வாங்கியிருந்தேன். லித்தியம், 1,000 வாட்-அவர். இப்போது அதுதான் டிக்கியில். என் ஃப்ரிட்ஜ் நின்று நின்று ஓடுவதால் சராசரி 15 வாட் என்று வைத்தால் ஒரு நாளைக்கு 360 வாட்-அவர். இரண்டு இரவு தாராளம். கடலோர செயின்ட் லூசியாவின் கோடை வெயிலில் அதே கணக்கு சுருங்கிவிடும். சார்ஜ் ஏறுவதுதான் மெதுவு. கார் சாக்கெட்டில் 100 வாட் மாதிரிதான் போகும், காலியானதை நிரப்பப் பத்து மணி நேரத்துக்கு மேல் ஓட்ட வேண்டும். இன்னொன்று, உறைநிலைக்குக் கீழே இந்த லித்தியத்தைச் சார்ஜ் செய்யக் கூடாது. லெசோத்தோவுக்கு ஏறும் மலைப்பாதையான சானி பாஸின் உச்சி 2,876 மீட்டர். குளிர்காலத்தில் மேலே தங்கினால் பெட்டியை வண்டிக்குள்ளேயே வைத்து, வெயில் ஏறிய பிறகு மாட்டுங்கள்.

கலகாடி பாலைவனப் பூங்கா, போட்ஸ்வானா என்று ஒரே இடத்தில் நாலைந்து நாள் நிற்கிறவர்கள் என்னைப் பார்த்துக் கழற்ற வேண்டாம். உங்களுக்கு இரண்டாவது பேட்டரியும் நல்ல டிசி-டிசி சார்ஜரும்தான் (வண்டி ஓடும்போது இரண்டாவது பேட்டரியைச் சரியான வோல்டேஜில் சார்ஜ் செய்யும் பெட்டி) சரி. கம்பெனியிலிருந்தே இரண்டு பேட்டரியோடு வந்த பெரிய டீசல் வண்டி என்றால் இன்னும் கவனம். அங்கே இரண்டும் இணையாக நின்று ஸ்டார்ட்டருக்கும் டீசல் எஞ்சினைச் சூடாக்கிக் கிளப்ப உதவும் குளோ பிளக்குக்கும் கரண்ட் கொடுக்கின்றன. ஒன்றை எடுத்தால், மிஞ்சுவது தனியாகவே எஞ்சினைச் சுற்றிக் கிளப்பும் அந்த கிராங்கிங் ஆம்பியரைத் தர வேண்டும். சில பழைய வண்டிகளில் இரண்டையும் தொடராக இணைத்து 24 வோல்ட்டில் ஸ்டார்ட்டரைச் சுற்றுவார்கள். அதில் ஒன்றை எடுத்தால் வண்டி கிளம்பவே கிளம்பாது, ஸ்டார்ட்டர் மோட்டாரையும் 12 வோல்ட்டுக்கு மாற்ற வேண்டும்.

பழைய பேட்டரிகளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். புதிது வாங்கும் கடையில் கொடுத்தால் ஸ்கிராப் டெபாசிட் (பழையதைத் தராதவர்களிடம் கூடுதலாக வாங்கும் தொகை) கழியும். அங்கிளிடம் போகிறவர்கள் போன் செய்துவிட்டுப் போங்கள். புரட்டாசி சனிக்கிழமைகளில் பட்டறை திறக்க மாட்டார்.