பார்க்கிங் சுவிட்ச் கோளாறு: ஸ்கேனரா, மல்டிமீட்டரா?

பார்க்கிங் உதவி சுவிட்சை அழுத்தியும் விளக்கு எரியவில்லையா? காரின் கணினியோடு பேசும் ஸ்கேனர் காட்டும் கோளாறுக் குறியீட்டைவிட, அந்த நொடியில் சுவிட்சின் நிலையைக் காட்டும் நேரடித் தரவையே நான் நம்புவேன். அழுத்தும்போது திரையில் நிலை மாறினால் சுவிட்ச் தப்பித்தது. விளக்கையோ சென்சார்களையோ சந்தேகிக்கலாம். காரின் சோதனைச் சாக்கெட்டில் செருகும் மலிவான ஓபிடி கருவிகளோ பெரும்பாலும் எஞ்சினோடு நின்றுவிடும், பார்க்கிங் உதவியை இயக்கும் மின்னணு மாட்யூலை எட்டாது.

நிலை மாறாவிட்டால் மின்தடையை அளக்கும் மல்டிமீட்டர்தான் கதி. சுவிட்சைக் கழற்றி, ஓம் அளவில் வைத்து முனைகளைத் தொடுங்கள். சாதாரண வகையில், அழுத்தினால் பூஜ்யத்தை ஒட்டி வர வேண்டும். எண் தள்ளாடினால் உள்ளே தொடுமுனை கறுத்திருக்கலாம். (காபி சிந்திய கன்சோலில் இது சகஜம்.) சில கார்களில் ஒரே வயரில் பல பொத்தான்கள் இருக்கும், ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஓம் மதிப்பு. அங்கே வயரிங் வரைபடம் இல்லாமல் தீர்ப்பு எழுதாதீர்கள். சுவிட்ச் தேறிவிட்டால், வயரை அசைத்துக்கொண்டே கனெக்டர்வரை அளந்து பாருங்கள்.