போட்டி ரோபோக்களின் கட்டுப்பாட்டுப் பலகைகள்: நீண்டகாலப் பயன்பாட்டில் கண்டவை

திருகோணமலையில் பாடசாலை மாணவர்களை ரோபோப் போட்டிகளுக்குப் பயிற்றுவிக்கையில் ரோபோவின் மூளையாக இயங்கும் லெகோ என்எக்ஸ்டி, லெகோ ஈவி3, ஆர்டுயினோ ஊனோ, இஎஸ்பி32 ஆகிய கட்டுப்பாட்டுப் பலகைகளை ஆண்டுக்கணக்கில் பயன்படுத்தியிருக்கிறேன். செயலியின் வேகத்தை மட்டும் பார்த்துப் பலகையைத் தெரிவு செய்யக்கூடாது என்பது என் உறுதியான கருத்து.

2006இல் வந்த என்எக்ஸ்டியில் 64 கிலோபைட்டாக இருந்த நினைவகம், 2013இல் வெளியான, லினக்ஸில் இயங்கும் ஈவி3இல் 64 மெகாபைட்டாக உயர்ந்தது. ஆயினும் கோட்டைப் பின்தொடரும் ரோபோவுக்கு 16 மெகாஹெர்ட்ஸ் வேகமும் 2 கிலோபைட் நினைவகமும் கொண்ட ஊனோவே போதும். கோட்டிலிருந்து எவ்வளவு விலகியது என்பதைக் கொண்டு மோட்டர்களைத் திருத்தும் பிஐடி கணக்கீட்டை அது விநாடிக்கு நூற்றுக்கணக்கான தடவைகள் தாராளமாகச் செய்துவிடும்.

லெகோ பலகைகளின் உண்மையான பலம் அவற்றின் பூட்டிக்கொள்ளும் இணைப்பிகளே. எங்கள் கடற்கரையின் உப்புக்காற்றில் செருகி இணைக்கும் சாதாரண ஜம்பர் வயர்களின் முனைகள் கறுத்துத் தளர்ந்துவிடுவதால், காலையில் நேராக ஓடிய ரோபோ மாலையில் தடம் விலகும்; மாணவர்களோ பிழையை நிரலில் தேடிக்கொண்டிருப்பார்கள். சென்சர் கம்பிகளைப் பலகையிலேயே பற்றாசு வைத்து இணைக்கத் தொடங்கிய பின்னரே இந்தத் தொல்லை தணிந்தது.

அமெரிக்காவின் மாணவர் ரோபோப் போட்டியான எஃப்டிசியிலும் இதையொத்த சிக்கல் இருந்தது. 2015இல் என்எக்ஸ்டிக்குப் பதிலாக ஆண்ட்ராய்டு கைபேசிகள் வந்தபோது, கைபேசியை மோட்டர்க் கட்டுப்படுத்தியுடன் இணைக்கும் யுஎஸ்பி கம்பி மோதலாலும் நிலைமின்னாலும் துண்டிக்கப்படுவதுண்டு. பின்னர் வந்த கன்ட்ரோல் ஹப் என்ற பலகை, கைபேசியின் வேலையையும் மோட்டர்க் கட்டுப்படுத்தியையும் ஒரே பெட்டிக்குள் அடக்கி அந்தக் கம்பியின் தேவையையே நீக்கியது.

மின்சாரம் இன்னும் முக்கியமானது. எல்298என் மோட்டர் இயக்கியின் இருமுனை டிரான்சிஸ்டர்கள் ஏறத்தாழ 2 வோல்ட்டை வெப்பமாக இழப்பதால், 7.4 வோல்ட் லித்தியம் பேட்டரி இருந்தும் மோட்டருக்கு 5 வோல்ட் சொச்சமே கிடைக்கிறது. இழப்புக் குறைந்த மொஸ்ஃபெட் டிரான்சிஸ்டர்களில் இயங்கும் டிபி6612 மோட்டர் இயக்கிக்கு மாறியதும் அதே மோட்டர்கள் கண்கூடாக வேகம்பெற்றன. அதனால், திருத்தத்தின் அளவைத் தீர்மானிக்கும் பிஐடி மாறிலிகளைப் புதிதாக ஒழுங்குபடுத்த நேர்ந்தது. மோட்டர் திடீரெனத் திசைமாறும்போது மின்னழுத்தம் சரிந்து பலகை மீளத்தொடங்குவதைத் தவிர்க்க, பலகைக்கெனத் தனி மின்னழுத்த ஒழுங்காக்கி வைத்திருக்கிறோம். எஃப்ஆர்சி என்ற மாணவர் ரோபோப் போட்டிக்கு 2015இல் வந்த ரோபோரியோ பலகையோ, மின்னழுத்தம் 6.3 வோல்ட்டுக்குக் கீழே போனதும் மோட்டர்களைத் தானாகவே நிறுத்தித் தன்னைக் காத்துக்கொள்ளும்.

இஎஸ்பி32இல் 240 மெகாஹெர்ட்ஸை விட எனக்குப் பெரிதாகப் பட்டது வைஃபை. ரோபோ ஓடும்போதே சென்சர் அளவீடுகளைக் கைபேசியில் பார்த்து மாறிலிகளைத் திருத்த முடிவதால், மாணவர்கள் பிஐடியைக் கண்ணால் கண்டு கற்கிறார்கள். ஆனால் 5 வோல்ட் சென்சர்களை அதன் 3.3 வோல்ட் முனைகளில் நேரடியாக இணைக்கக்கூடாது.

என்எக்ஸ்டி, ஈவி3 ஆகியவை அடங்கிய லெகோவின் மைண்ட்ஸ்டார்ம்ஸ் வரிசை 2022 இறுதியில் நிறுத்தப்பட்டுவிட்டதால் அதைப் புதிதாக வாங்குவதை நான் பரிந்துரைக்கமாட்டேன். தொடக்கநிலை மாணவர்களுக்கு ஊனோவும், அடுத்த ஆண்டில் டிபி6612உடன் இஎஸ்பி32உம் கொடுக்கிறேன்.